டிஸ்க்குக்குள் மாறிப்போன வசனங்கள்... ஒரு ரத்தக்காட்டேரி படத்தின் சப்டைட்டில் பஞ்சாயத்து!

ரத்தக்காட்டேரி படம் என்றாலே மலை உச்சியில் பாழடைந்த கோட்டை, கறுப்பு அங்கி, சவப்பெட்டியிலிருந்து எழுந்து வரும் டிராகுலா என்றுதான் மனசு ஓடும். 2008-ல் வந்த 'லெட் தி ரைட் ஒன் இன்' என்ற ஸ்வீடன் படத்தில் இதில் ஒன்றுகூட இல்லை. ஸ்டாக்ஹோம் நகரின் ஓரத்தில் பிளாக்கெபெர்க் என்ற குடியிருப்புப் பகுதி. வரிசையாக அடுக்குமாடி வீடுகள், முற்றத்தில் பிள்ளைகள் ஏறி விளையாடும் கம்பிகள், எங்கும் பனி. காலம் 1980-களின் தொடக்கம். பள்ளியில் தினமும் அடிவாங்கும் 12 வயது ஆஸ்கர் (விருது இல்லை, பையனின் பெயர்). பக்கத்து வீட்டில் புதிதாகக் குடிவரும் ஏலி.

ஏலியின் வீட்டு ஜன்னல்கள் அட்டை வைத்து மூடப்படுகின்றன. கூடவே இருக்கும் நடுத்தர வயது ஆள், இரவானால் கேனும் புனலும் எடுத்துக்கொண்டு ரத்தம் 'வாங்க'க் கிளம்புகிறார். மண்ணெண்ணெய் வாங்கப் போகிறவர் மாதிரி! பயங்கரத்தை இவ்வளவு சாதாரணமாகக் காட்டியதுதான் இயக்குநர் தோமஸ் ஆல்ஃப்ரெட்சனின் சாமர்த்தியம். கதை, திரைக்கதை இரண்டும் யோன் அய்விட லிண்ட்க்விஸ்ட். 2004-ல் வந்த அவருடைய நாவல்தான் படமானது. அவரே பிளாக்கெபெர்க்கில் வளர்ந்தவர் என்பதால், அந்த ஊரின் சலிப்பும் தனிமையும் கதைக்குள் அப்படியே இருக்கின்றன. ஒளிப்பதிவு ஹோய்ட்டே வான் ஹோய்டெமா. பின்னாளில் 'இன்டர்ஸ்டெல்லர்' எடுத்து, 'ஓப்பன்ஹைமர்' படத்துக்கு ஆஸ்கர் (இது விருது) வாங்கினாரே, அவரேதான்.

யாராவது 'உள்ளே வா' என்று சொன்னால்தான் ரத்தக்காட்டேரி வீட்டுக்குள் நுழைய முடியும் என்ற பழைய விதியை மட்டும் படம் விடவில்லை. அழைக்காமல் நுழைந்தால் என்ன ஆகும்? அந்தக் காட்சியை நான் சொல்ல மாட்டேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது பஞ்சாயத்துக்கு வருவோம். 2009 மார்ச்சில் அமெரிக்காவில் இந்தப் படத்தின் டிவிடி, ப்ளூ-ரே டிஸ்க்குகளை மேக்னோலியா நிறுவனம் தன்னுடைய 'மேக்னெட்' லேபிளில் வெளியிட்டது. தியேட்டரில் பார்த்துச் சொக்கிப்போனவர்கள் ஆசையாக வாங்கினார்கள். வீட்டில் போட்டுப் பார்த்தால் ஏதோ இடிக்கிறது. சத்தம் அதேதான், காட்சி அதேதான். கீழே ஓடும் ஆங்கில வரிகள்தான் வேறு!

ஹாரர் ரசிகர்களுக்கான இணையதளம் ஒன்று, தியேட்டர் பிரதியின் சப்டைட்டிலையும் டிஸ்க்கின் சப்டைட்டிலையும் காட்சி காட்சியாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியது. வசனங்கள் சுருக்கப்பட்டிருந்தன. தயக்கமும் கிண்டலும் காணாமல் போயிருந்தன. சில இடங்களில் பேச்சு இருக்கிறது, எழுத்தே இல்லை.

கதை புரிந்தால் போதாதா என்று கேட்கலாம். இந்தப் படத்துக்குப் போதாது. ஏனென்றால், இதில் யாரும் அதிகம் பேசுவதில்லை. டிஸ்க்கில் அப்படி நடந்தது என்று சொல்லவில்லை, நானாக ஓர் உதாரணம் சொல்கிறேன். வயது என்ன என்று ஆஸ்கர் கேட்கும்போது, '12... ஏறக்குறைய' என்ற பொருளில் ஏலியிடமிருந்து பதில் வருகிறது. அந்த 'ஏறக்குறைய'வைத் தூக்கிவிட்டு வெறும் '12' என்று போட்டால் என்ன மிஞ்சும்? ஒரு பள்ளிப் பிள்ளைதான் மிஞ்சும். பல காலமாக அதே வயதில் நின்றுவிட்ட உயிர் ஒன்று எதிரில் இருக்கிறது என்ற குளிர், அந்த ஒற்றை வார்த்தையில்தான் இருக்கிறது.

இன்னொன்றைக் கவனித்தீர்களா? இதுவரை ஏலியை நான் 'அவள்' என்றும் எழுதவில்லை, 'அவன்' என்றும் எழுதவில்லை. வேண்டுமென்றேதான்! தான் பெண் இல்லை என்று ஏலி ஆஸ்கரிடம் சொல்லும் இடம் உண்டு. மனிதப் பிறவி இல்லை என்கிறதா, சிறுமி இல்லை என்கிறதா? படம் அவசரப்பட்டு விளக்காது. ஏலியாக நடித்த லினா லியாண்டர்சனின் குரலைக்கூட மாற்றி, வேறொருவரைப் பேசவைத்திருக்கிறார்கள். ஸ்வீடிஷ் தலைப்பிலேயே ஒரு பொடி இருக்கிறது. 'சரியானவரை' என்ற பொருளில் அங்கே வரும் 'ரெட்டே' என்ற சொல், அந்த மொழியில் ஆணைக் குறிக்கும் விகுதியோடு முடிகிறது. ஆங்கிலத் தலைப்பில் அந்தச் சாடை கிடையாது. தமிழில் சப்டைட்டில் போடுகிறவர் பாடு இன்னும் கஷ்டம். 'வந்தாள்' என்பதா, 'வந்தான்' என்பதா? வினைச்சொல்லே காட்டிக்கொடுத்துவிடுமே!

சப்டைட்டில் எழுதுகிறவர்களைக் குறைசொல்லவும் மனசு வரவில்லை. பொதுவாக ஒரு நேரத்தில் 2 வரிதான், வரிக்கு 40 எழுத்துக்குச் சற்று முன்பின். படிக்கிறவரின் வேகத்துக்கும் ஈடுகொடுக்க வேண்டும். எதையாவது வெட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் இங்கே நல்ல மொழிபெயர்ப்பு ஏற்கெனவே தியேட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. அதை விட்டுவிட்டு வேறொன்றை ஏன் போட்டார்கள்? தங்களிடம் மாற்று மொழிபெயர்ப்பு ஒன்று இருந்தது, அதைப் பயன்படுத்தினோம் என்றது நிறுவனம். ரசிகர்கள் விடவில்லை. இனி தயாராகும் டிஸ்க்குகளில் தியேட்டர் சப்டைட்டிலே இருக்கும் என்று அறிவிப்பு வந்தது. ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு? மாற்றித்தர முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள். எனக்கு இதுதான் கோபம். காசு கொடுத்து முதலில் வாங்கியவர்தானே உண்மையான ரசிகர்!

டிஸ்க்கில் இது தீராத சிக்கல். டிவிடியிலும் ப்ளூ-ரேயிலும் சப்டைட்டில் என்பது டிஸ்க்கிலேயே பதிக்கப்பட்ட சின்னச் சின்னப் படங்கள். அச்சானது அச்சானதுதான். ஓடிடியில் அது தனி எழுத்துக் கோப்பு. ராத்திரியோடு ராத்திரியாக மாற்றிவிடலாம். திருத்துவது சுலபம் என்பது நல்ல விஷயம். ஆனால் நேற்று என்ன இருந்தது என்று ஒப்பிட்டுப் பார்க்க நம் கையில் எதுவும் இருக்காது. அன்றைக்கு ரசிகர்கள் ஜெயித்ததற்குக் காரணமே, கையில் டிஸ்க் இருந்ததுதான்.

2021-ல் 'ஸ்குவிட் கேம்' வந்தபோதும் இதே கதை. கொரியமொழி தெரிந்தவர்கள், ஆங்கில சப்டைட்டில் பட்டியலில் 'சிசி' என்று போட்டிருக்கும் தேர்வில் வசனங்கள் சப்பென்று இருப்பதாகச் சுட்டிக்காட்டினார்கள். சிசி என்பது காது கேளாதவர்களுக்காக, கதவு சாத்தும் ஓசை, பின்னணி இசை எல்லாவற்றையும் சேர்த்து எழுதுவது. அவசியமான வசதி. பிற மொழிப் படங்களில் பல நேரம் இது ஆங்கில டப்பிங்கைப் பின்பற்றி எழுதப்படுகிறது. டப்பிங் வசனமோ வாயசைவுக்குப் பொருந்த வளைக்கப்பட்டது. ஆக, மூல வசனத்திலிருந்து இரண்டு படி தள்ளிப்போய்விடுகிறோம்.

மொபைலில் வேற்று மொழிப் படம் பார்க்கிறீர்களா? ஆடியோவில் மூல மொழியை வையுங்கள். சப்டைட்டில் பட்டியலில் 'இங்கிலீஷ்', 'இங்கிலீஷ் சிசி' என்று இரண்டும் இருந்தால், சிசி தேவைப்படாதவர்கள் முதலாவதைத் தேர்ந்தெடுங்கள். ஒரு நிமிடக் காட்சியை இரண்டிலும் ஓட்டிப் பாருங்கள், வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.

4கே இருக்கிறதா, டால்பி இருக்கிறதா என்று பெட்டியின் மேல் பெரிதாகப் போடுகிறார்கள். சப்டைட்டில் யார் எழுதியது, எந்தப் பிரதியிலிருந்து எடுத்தது என்று யாரும் போடுவதில்லை. இந்தப் படத்துக்கு மட்டும் போட வேண்டியதாகிவிட்டது. திருத்திய டிஸ்க்கின் பின் அட்டையில், சப்டைட்டில் விவரத்தில் 'இங்கிலீஷ் தியேட்ரிக்கல்' என்று பொடி எழுத்தில் இருக்கும். பழையதில் வெறும் 'இங்கிலீஷ்'. அமெரிக்க டிஸ்க்கைப் பழைய விலைக்கு வாங்க நினைப்பவர்கள், விற்பவரிடம் பின் அட்டையின் போட்டோவையும் கேட்டுவிடுங்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பார்க்கும் படம் இல்லை இது. அமெரிக்காவில் 'ஆர்' சான்றிதழ் பெற்றது. கடைசியில் வரும் நீச்சல்குளக் காட்சிக்குப் பெரியவர்களே கொஞ்சம் தைரியத்தோடு உட்காருங்கள்!