பொறுத்துக்கொள்ளுங்கள் என்பது சிகிச்சையாகுமா?

ஒரு மனிதர் சட்டை அணிந்துகொள்ள எவ்வளவு நேரம் வேண்டும்? சில ஆண்டுகளுக்கு முன்னர் எனக்குப் பத்து நிமிடங்கள் வேண்டியிருந்தன. இடது தோள் உறைந்துவிட்டது. அலுமாரியின் மேற்தட்டில் இருந்த அகராதி எட்டாத பொருளாயிற்று. பஸ்ஸில் மேற்கம்பியைப் பற்ற முடியவில்லை. இரவில் அந்தப் பக்கம் புரண்டால் போதும், உறக்கம் கலைந்துவிடும்.

இயன்மருத்துவப் பிரிவொன்றுக்கு என்னை அனுப்பினார்கள். அங்கிருந்த இளைஞர் பண்பானவர். ஆனால் கையைப் பிடித்து உயர்த்தும்போது, "நொந்தால்தான் ஐயா தோள் திறக்கும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கோ" என்பார். பொறுத்தேன். அன்றிரவு உறக்கமில்லை. மூன்றாம் முறை சென்றபின்னர் சட்டை உரசினாலே தோள் எரிந்தது. நான்காம் முறை நான் போகவில்லை. கடற்கரையில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, சிகிச்சைக்குச் சென்று வந்ததாக வீட்டில் பொய் சொன்னேன். அரசியல்வாதிகளின் பொய்களைத் தேடித் திரிந்தே ஆயுளைக் கழித்தவன், ஒரு தோளுக்காகப் பொய் சொன்னேன்.

எனக்குக் கோழை என்ற எண்ணமே மிஞ்சியிருந்தது. பின்னர் பழைய தொழில் வழக்கப்படி, கிடைத்தவற்றையெல்லாம் வாசிக்கத் தொடங்கினேன். 'உறைந்த தோள்' என்ற பெயரை 1934 இல் வழங்கியவர் பொஸ்டன் நகரின் சத்திரசிகிச்சை நிபுணர் ஏர்னெஸ்ட் கொட்மன். தோள்மூட்டைச் சூழ்ந்துள்ள மூட்டுறை அழற்சியுற்று, தடித்து, சுருங்கிவிடுவதே இந்நோய். பெரும்பாலும் 40 வயதுக்கும் 60 வயதுக்கும் இடைப்பட்டவர்களையும், ஆண்களிலும் பார்க்கப் பெண்களையும் இது தாக்குகிறது. என்னைப் போன்ற நீரிழிவு நோயாளருக்கு ஏனையோரைவிடப் பல மடங்கு அதிகமாக வருகிறது. முதலில் நோவு மிகுந்த காலம், அடுத்து விறைப்பு மிகுந்த காலம், இறுதியில் இளகும் காலம் என ஒன்று முதல் மூன்று ஆண்டுகள் வரை, சிலருக்கு அதற்கு மேலும், நீடிக்கிறது.

ஆனால் நோவு மூட்டுறையோடு நின்றுவிடுவதில்லை. தோளிலிருந்து வரும் சமிக்ஞைகள் மாதக்கணக்கில் ஓயாதிருந்தால், முண்ணாணிலும் மூளையிலும் உள்ள நரம்பு வலையமைப்பே கூர்மையடைந்துவிடக்கூடும். முண்ணாணில் நிகழும் இம்மாற்றத்தை 1983 இல் ஆய்வுமூலம் காட்டியவர் கிளிஃபர்ட் வூல்ஃப். அந்நிலையில் சிறிய நோவு பெருநோவாகிறது. நோவே தரக்கூடாத தொடுகையும் நோகிறது. உறைந்த தோள் உள்ள எல்லோருக்கும் இது ஏற்படுவதில்லை. ஏற்பட்டவருக்கோ, அது கற்பனையுமன்று, கோழைத்தனமுமன்று. ஒலிபெருக்கியின் ஒலியளவை யாரோ கூட்டி வைத்துவிட்ட நிலை அது.

இத்தகைய ஒருவரின் கையை வலிந்து இழுத்தால் என்ன நிகழும்? தசைகள் காவலாளிகள் போல இறுகிக்கொள்ளும். 2018 இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், உறைந்த தோள் உள்ள ஐந்து நோயாளருக்கு முழு மயக்கமருந்து கொடுத்துக் கையை அசைத்துப் பார்த்தார்கள். விழித்திருந்தபோது உயராத கை, மயக்கத்தில் கணிசமாக உயர்ந்தது. ஐவரை வைத்து முடிவான தீர்ப்புக் கூற முடியாது. எனினும், அசைய மறுப்பது மூட்டுறை மட்டுமல்ல, நோவுக்கு அஞ்சித் தற்காக்கும் உடலும்தான் என்பதை அது உணர்த்துகிறது. அந்த உடலோடு மல்லுக்கட்டினால் காவல் இறுகுமேயன்றித் தளராது.

2004 இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு இன்னும் தெளிவானது. 77 நோயாளரில் ஒரு பகுதியினருக்கு நோவின் எல்லையைத் தாண்டிய தீவிர பயிற்சி அளிக்கப்பட்டது. மற்றவர்கள் நோவின் எல்லைக்குள் மென்மையாகக் கையை அசைத்து, முடிந்த வேலைகளைச் செய்துவந்தார்கள். இரண்டு ஆண்டுகளின் முடிவில், தோளின் செயற்பாட்டை நூற்றுக்கு அளவிடும் முறையில் 80 புள்ளிகளை எட்டியவர்கள் மென்மையான வழியில் 89 வீதம், தீவிர வழியில் 63 வீதம். குலுக்கல் முறையில் பிரித்த ஆய்வன்று என்ற குறை அதற்கு உண்டு. ஆயினும் 'நொந்தால்தான் பலன்' என்ற நம்பிக்கையை அது ஆட்டங்காண வைத்தது.

அப்படியானால் கையைத் தூளியில் கட்டிக்கொண்டு இருந்துவிடலாமா என்று வாசகர் கேட்கக்கூடும். கூடாது. அசையாத தோள் மேலும் விறைக்கும். கேள்வி அசைப்பதா விடுவதா என்பதன்று, எவ்வளவு என்பதே. 2013 இல் அமெரிக்க இயன்மருத்துவர்கள் வெளியிட்ட வழிகாட்டி, இழுவைப் பயிற்சியின் கடுமையை நோயாளரின் நோவுநிலைக்கு ஏற்ப வைத்துக்கொள்ளுமாறு கூறுகிறது. நோவு கொதிக்கும் காலத்தில் குறுகிய, மென்மையான அசைவுகள். அது தணிந்த பின்னரே வலுவான இழுவை. ஆரம்ப காலத்தில் மூட்டுக்குள் இடப்படும் ஸ்டீரொயிட் ஊசி நோவைத் தணித்துப் பயிற்சிக்கு வழிவிடும். என்னைப் போன்ற நீரிழிவுக்காரருக்குச் சில நாட்கள் சீனியின் அளவை அது உயர்த்தும் என்பதால், வைத்தியருடன் கலந்தாலோசிப்பது அவசியம்.

பின்னர் நான் சென்ற இயன்மருத்துவப் பெண்மணி கையைத் தொடுமுன்னர் கேள்விகள் கேட்டார். இரவில் நோகிறதா? பயிற்சிக்குப் பின்னர் நோவு எவ்வளவு நேரம் நிற்கிறது? பூச்சியத்திலிருந்து பத்து வரை எண் சொன்னால் எத்தனை? நான் சொன்ன எண்ணை எழுதிக்கொண்டு, அதன்படி அன்றைய பயிற்சியை அமைத்தார். குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு ஊசல் போல ஆட்டுவதிலிருந்து தொடங்கினோம். பல மாதங்கள் எடுத்தன. இன்று அகராதியை நானே எடுக்கிறேன்.

அவரிடம் நான் கண்டது ஒரு நல்ல செய்தியாளரின் குணம். கேட்டு, குறித்துக்கொண்டு, அதன் பின்னரே முடிவுக்கு வருவது. நெரிசல் மிகுந்த நம் வைத்தியசாலைகளில் இதற்கு நேரமில்லை என்பார்கள். அந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. மூன்று கேள்விகளுக்கு மூன்று நிமிடங்கள் போதும். அந்த மூன்று நிமிடங்களைச் சேமிக்கப்போய், சிகிச்சையையே கைவிட்டு வீட்டோடு இருந்துவிடும் நோயாளரை நாம் உருவாக்குகிறோம். அவர் வராததற்குக் காரணம் சோம்பல் என்று கோவையில் எழுதிவிடுகிறோம்.

பொறுமை நம்மவரிடையே பெருங்குணம். அதிலும் பெண்கள் நோவைச் சொல்லாமல் விழுங்குவதைப் போற்றிப் பழகிவிட்டோம். வாசகர்களே, தோள் விடயத்தில் அப்பொறுமை வேண்டாம். நோகிறது என்றால் நோகிறது என்று சொல்லுங்கள், எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதைக் கேட்டு எழுதிக்கொள்பவரிடம் மீண்டும் செல்லுங்கள். கடற்கரையில் போய் உட்கார்ந்து நான் வீணாக்கிய வாரங்களை நீங்களும் வீணாக்க வேண்டியதில்லை.