பழகிய விரல்களுக்கு ஒரு நியாயம்

வேப்பம்பட்டு ரயில் நிலையத்தருகே நகல் கடை வைத்து, இணையவழி மனுக்களைத் தட்டச்சிட்டுத் தரும் நண்பர் சென்ற மாதம் தொலைபேசியில் அழைத்தார். "சார், தமிழே வரமாட்டேங்குது" என்றார். சென்று பார்த்தேன். உலாவியில் அவர் நிறுவியிருந்த தமிழ் உள்ளீட்டு நீட்சி இரவோடிரவாகப் புதிய பதிப்புக்கு மாறியிருந்தது. பழைய தட்டச்சு விசையமைப்பின் இடத்தில் தமிழ் 99 அமர்ந்திருந்தது. அமைப்பை மாற்றித் தர எனக்கு இரண்டு நிமிடம் ஆயிற்று. அவருக்கோ அரைநாள் வருமானம் போயிருந்தது.

தமிழ் 99 மீது எனக்குக் குறையில்லை. உயிர் இடக்கையிலும் மெய் வலக்கையிலும் அமைந்த அந்த முறையில்தான் இதையும் எழுதுகிறேன். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு அதைத் தரப்படுத்தியது. ஆனால் அதற்குப் பின்னும் பல்லாண்டுகள் அரசின் தட்டச்சுத் தேர்வுகளில் பழைய விசையமைப்பே தொடர்ந்தது. புதியதைப் பரிந்துரைப்பது வேறு, பழகியதைப் பறிப்பது வேறு.

நண்பர் அமைப்புப் பக்கத்தைத் திறந்ததே இல்லை. ஆகவே அவருடைய தேர்வு எங்கும் பதிவாகவில்லை. இயல்பிருப்பு எதுவோ அதுவே அவருக்கு வந்தது. நிரலர் அதை மாற்றியதும் அவருடைய விசைப்பலகையும் மாறிவிட்டது. எதையும் தேர்ந்தெடுக்காதவருக்கு விருப்பமே இல்லை என்று கொண்டதுதான் பிழை. தொடாமல் விட்டதும் ஒரு தேர்வே.

இதற்குத் தீர்வு எளிது. புதிதாக நிறுவப்படுகிறதா, பழைய பதிப்பு புதுப்பிக்கப்படுகிறதா என்பதை உலாவியே நீட்சிக்குச் சொல்லிவிடுகிறது. புதுப்பித்தல் எனில், பழைய இயல்பிருப்பை முதலில் அப்பயனரின் தேர்வாக எழுதி வைத்துவிட வேண்டும். புதிய இயல்பிருப்பு புதியவர்களுக்கு மட்டும் போதும்.

"அப்படியானால் எல்லாரும் பழமையிலேயே தேங்கிவிடுவார்களே" என்று கேட்கலாம். அறிமுகம் செய்யுங்கள், ஒருமுறை காட்டுங்கள், திரும்பும் வழியையும் வையுங்கள். தவிர்க்கவியலாத முறிவுகளும் உண்டு. பழைய வகை நீட்சிகளைக் கைவிடப் போவதாக மொசில்லா 2015 ஆகஸ்டிலேயே அறிவித்தது. பயர்பாக்ஸ் 57 அவற்றை நிறுத்தியது 2017 நவம்பரில். அப்போதும் பலர் வருந்தினர். ஆயினும் ஆயத்தமாக இரண்டாண்டு அவகாசம் இருந்தது. என் நண்பருக்கு ஓர் இரவுகூடக் கிடைக்கவில்லை.

கணித்தமிழுக்கு உழைக்கும் நண்பர்கள் பெரும்பாலும் ஊதியமின்றி உழைப்பவர்கள். அவர்கள்மீது எனக்கு மதிப்புண்டு. அந்த உரிமையில்தான் கேட்கிறேன்: அடுத்த பதிப்பை வெளியிடும் முன், அமைப்புப் பக்கத்தை ஒருநாளும் திறக்காத அந்த ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள்.