கிளை இந்தூரில், இணைப்பு மும்பையில்

வெளியூர்க் கிளையுடன் பேச இரவு நேர எஸ்.டி.டி. சலுகைக்காகக் காத்திருந்த மேனேஜர்கள் இன்று ஓய்வு பெற்றுவிட்டார்கள். அவர்களுடைய நாற்காலியில் இருப்பவர்கள் மூன்று இலக்க எண்ணை அழுத்துகிறார்கள். மும்பையில் அழுத்தினால் இந்தூரில் மணி அடிக்கிறது. பக்கத்து அறைக்குப் பேசுவது போலத்தான். தனிக் கட்டணம் கிடையாது.

இந்த வசதிக்குக் காரணம் இரண்டு. ஒன்று, குரலைச் சிறு சிறு பொட்டலங்களாக்கி இணையத்தில் அனுப்பும் ஐ.பி. போன். இன்னொன்று, அந்தப் பொட்டலங்களைப் பிறர் கண்ணில் படாமல் கொண்டுசேர்க்கும் வி.பி.என். பொது இணையத்துக்குள்ளேயே நிறுவனம் தனக்கென்று தோண்டிக்கொள்ளும் சுரங்கப் பாதை என்று இதைச் சொல்லலாம்.

சுரங்கம் எதற்கு, போனை நேரடியாக இணையத்தில் மாட்டினால் என்ன? மாட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கிளையின் ரௌட்டருக்குப் பின்னால் இருக்கும் போனுக்கு வெளியுலகம் அறிந்த முகவரி இல்லை. மணி அடிக்கும், எடுத்தால் ஒரு பக்கக் குரல் மட்டும் கேட்கும். இதைச் சரிசெய்ய சர்வரின் கதவை இணையத்துக்கு அகலத் திறந்துவைத்தால் ஆபத்து வேறு திசையிலிருந்து வரும். திறந்த கதவுகளைத் தேடி இணையத்தை இரவும் பகலும் துழாவும் புரோகிராம்கள் இருக்கின்றன. பாஸ்வேர்டு பலவீனமாக இருந்தால், ஆளில்லாத ஞாயிற்றுக்கிழமை இரவில் அலுவலக இணைப்பிலிருந்து வெளிநாடுகளுக்கு அழைப்புகள் பறக்கும். திங்கட்கிழமை மிஞ்சுவது பில்தான். இந்தக் கதவை மூட வி.பி.என். நல்ல வழி.

ஆனால் சுரங்கம் தோண்டியதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. வழக்கமாக ஐ.பி. போன் நொடிக்கு 50 பொட்டலங்களை அனுப்புகிறது. குரலைச் சுருக்கி அனுப்பும் ஜி.729 முறையில் ஒரு பொட்டலத்தில் குரல் 20 பைட்தான். முகவரி விவரங்கள் மட்டும் 40 பைட். வி.பி.என். அதன் மேல் இன்னொரு உறையைப் போடுகிறது. கடிதத்தைவிட உறையின் கனம் பல மடங்கு! சுருக்காத ஜி.711 முறையில் ஓர் அழைப்புக்குச் சுரங்கத்தின் உறையோடு சேர்த்து ஒவ்வொரு திசையிலும் நொடிக்குச் சுமார் 100 கிலோபிட் தேவை. பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசினால் ஒரு மெகாபிட்.

இன்றைய பிராட்பேண்டுக்கு இது பெரிய பாரமல்ல. சிக்கல் வேகத்தில் இல்லை, தாமதத்தில். குரல் ஒரு முனையிலிருந்து மறு முனையை 150 மில்லி நொடிக்குள் அடைந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் அளவுகோல். மலையில் இருக்கும் கிளை, 36,000 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள செயற்கைக்கோளை நம்பியிருந்தால், மேலே போய் இறங்குவதற்கே கால் நொடி ஆகிவிடும். இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, ஒரே நேரத்தில் நிறுத்துவார்கள். நகரத்துக் கிளையிலும் யாராவது பெரிய ஃபைல் ஒன்றை அனுப்பத் தொடங்கினால் குரல் துண்டு துண்டாகும். குரல் பொட்டலங்களுக்கு முதலிடம் தரும்படி ரௌட்டரில் சொல்லிவைக்க வேண்டும். இரு அலுவலகங்களும் உள்ளே ஒரே வரிசை முகவரிகளைப் பயன்படுத்தாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்படிப் பயன்படுத்தினால், எந்த முகவரி எந்த ஊரில் இருக்கிறது என்று ரௌட்டருக்கே புரியாது.

சட்டமும் இதில் நீண்ட காலம் குறுக்கே நின்றது. 2002 ஏப்ரலில் இணையத் தொலைபேசிக்கு அரசு அனுமதி அளித்தபோதும், அதைப் பொதுத் தொலைபேசி இணைப்போடு கலப்பதற்குத் தடை இருந்தது. தொலைதூரக் கட்டணம் தொலைபேசி நிறுவனங்களின் கையைவிட்டுப் போய்விடக் கூடாது என்பது கவலை. கால் சென்டர் ஊழியர் வீட்டிலிருந்து வேலை செய்வதற்கும், தொலைபேசி நிறுவனத்திடமிருந்தே வி.பி.என். வாங்க வேண்டும் என்று விதி. 2020 மார்ச்சில் கொரோனா ஊரை அடைத்தபோது இந்த விதி தளர்ந்தது. அதே ஆண்டு நவம்பரில் கால் சென்டர்களின் பதிவுக் கட்டாயம் நீக்கப்பட்டது. 2021 ஜூனில் விதிகள் மேலும் எளிதாயின. அதற்காக, ஊராரின் அழைப்புகளை வாங்கிக் கள்ளத்தனமாக வேறு ஊரில் இறக்கிவிடுவது சட்டபூர்வமாகிவிடவில்லை. அப்படி நடத்தப்படும் திருட்டு எக்ஸ்சேஞ்சுகளைப் போலீஸ் இன்றும் தேடிப் பிடிக்கிறது.

இத்தனையும் சரியாக அமைந்த பிறகும், பலர் கவனிக்கத் தவறும் விஷயம் ஒன்று மிச்சமிருக்கிறது. வெளியே போகும் பொது இணைப்பு மும்பையில் மட்டும் இருந்தால், இந்தூர்க் கிளையின் போன் இருப்பது மும்பையில் என்றே தொலைபேசி உலகம் நினைக்கும். இந்தூரில் தீப்பிடித்து, ஊழியர் அந்தப் போனில் 112ஐ அழுத்தினால் அழைப்பு மகாராஷ்டிரத்துக்குப் போகும். அங்கே எடுப்பவருக்கு இந்தூரின் தெருப் பெயர் எப்படித் தெரியும்? ஊரைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் நிமிடங்கள் கரைந்துவிடும்.

கரண்ட் போனால் நிலைமை இன்னும் மோசம். பழைய தாமிரக் கம்பித் தொலைபேசிக்கு எக்ஸ்சேஞ்சே 48 வோல்ட் மின்சாரம் அனுப்பியது. ஊர் இருண்டாலும் டயல் டோன் கேட்டது. ஐ.பி. போனுக்கு மின்சாரம் வேண்டும். அதோடு இணைந்த ஸ்விட்ச், ரௌட்டர், ஃபைபர் பெட்டி அனைத்துக்கும் வேண்டும். போனுக்கு மட்டும் யு.பி.எஸ். வைத்துவிட்டு ஃபைபர் பெட்டியை மறந்த அலுவலகத்தில், திரை மட்டும் ஒளிரும்; பேச்சு வராது.

தீர்வு ஒன்றும் பெரிய செலவு பிடிப்பதல்ல. ஒவ்வொரு கிளையிலும் அந்த ஊரிலேயே வாங்கிய இணைப்பு ஒன்று தனியாக இருக்க வேண்டும். சார்ஜ் குறையாமல் வைத்திருக்கும் ஒரு மொபைல் போன்கூடப் போதும். 112ஐ அந்த வழியாக மட்டும் அழைக்க வேண்டும் என்று ஐ.பி. போனின் மேலேயே ஒரு சீட்டு ஒட்டிவைக்கலாம். புதிதாகச் சேரும் வாட்ச்மேனுக்கும் அதை முதல் நாளே காட்டிக்கொடுக்க வேண்டும். இரவில் அலுவலகத்தில் தனியாக இருப்பவர் அவர்தான்.