குழந்தைங்க புத்தகத்துல சாவு வந்தா என்னவாம்?

ஒரு புத்தகத்தோட கடைசிப் பக்கத்தை மட்டும் யாரோ சொல்லக் கேட்டுட்டு மொத்தப் புத்தகத்துக்கும் தீர்ப்பு எழுதற கூட்டத்தைப் பார்த்தா எனக்குப் பத்திக்கிட்டு வரும். அஸ்ட்ரிட் லிண்ட்கிரன் 1973-ல ஸ்வீடிஷ்ல எழுதின 'லயன்ஹார்ட் சகோதரர்கள்' நாவலுக்கு அவங்க ஊர்லயே இந்த அடி விழுந்துச்சு. சாவைத் தீர்வாக் காட்டுதுன்னு. போன மாசம் ஒரு நண்பர்கிட்ட சிபாரிசு பண்ணேன். "என்னங்க, தற்கொலையைச் சொல்லித் தர்ற புத்தகமாமே, எம் பொண்ணுக்குப் போய்..."ன்னு இழுத்தார். அவர் படிக்கல. கேள்விப்பட்டாராம்!

சரி, முழுக் கதையையும் உடைக்கப் போறேன். வேண்டாம்கிறவங்க இங்கயே எஸ்கேப் ஆயிடுங்க.

கார்லுக்குப் பத்து வயசு ஆகப்போகுது. சமையலறை சோபாவே படுக்கை, ராத்திரி பூரா இருமல். தான் பிழைக்க மாட்டோம்னு அவனுக்கே தெரிஞ்சுடுது. அண்ணன் யோனத்தான் பூசி மெழுகல. வெந்நீர்ல தேன் கலந்து குடுத்து, செத்தா நங்கியாலாங்கிற தேசத்துக்குப் போவேன்னு கதை சொல்றான். தம்பிக்கு அவன் வச்ச செல்லப் பேரு ஸ்கோர்ப்பான், அதாவது ரஸ்க் :)

அப்புறம் வீடு தீப்பிடிக்குது. தம்பியை முதுகுல சுமந்துக்கிட்டு ஜன்னல் வழியாக் குதிச்ச அண்ணன் செத்துப் போறான். பிழைச்சது நோயாளித் தம்பி.

இதுக்கு அடுத்து வர்ற இடம்தான் என்னைத் தூங்க விடல. இவன் போயிருந்தா பரவாயில்லையேன்னு ஊரே நினைக்குது. அது அந்தப் பையனுக்கும் தெரியும்! குதிக்கிறதைப் பத்தி இவ்ளோ பேசறவங்க யாரும் இந்தப் பக்கத்தைப் பத்தி மூச்சு விடறதில்ல. ஏன் விடப் போறாங்க? "அண்ணனைப் பாரு, நீயும் இருக்கியே"ன்னு தினம் சாப்பாட்டு நேரத்துல சொல்றவங்களாச்சே நாம. பிள்ளைங்க மனசுல விஷம் ஏத்தறது டிராகனா, நாமளான்னு சொல்லுங்க.

'கனவைத் துரத்து'ன்னு சொல்ற சிறுவர் கதைகள் பலதுல ஒரு மேடை, ஒரு கோப்பை, கைதட்டல். கூடப் பிறந்தது ஒண்ணு இருந்தா அது ஓரமா நின்னு கை தட்டும். இங்க அப்படியில்ல. நங்கியாலாவுல தெங்கில்ங்கிற கொடுங்கோலனை எதிர்த்து அண்ணன் தனியாப் போயிடறான். அவன் உதவிக்குக் கூப்பிடற மாதிரி தம்பிக்கு ஒரு கனவு. இருட்டைக் கண்டா நடுங்கற பயல், அந்தக் கனவு பின்னாடியே குதிரை ஏறிக் கிளம்பறான். கடைசி வரைக்கும் பயம் போறதே இல்ல, பயந்துக்கிட்டேதான் எல்லாத்தையும் செய்றான். அண்ணனோ ஆத்துல அடிச்சுட்டுப் போற எதிரிச் சிப்பாயைக் கூடக் காப்பாத்தற ஆளு. யாரையும் கொல்ல மாட்டேன்கிறான்.

முடிவுல கட்லாங்கிற டிராகனோட நெருப்பு பட்டு அண்ணனுக்குக் கை கால் அசையாமப் போயிடுது. இந்தத் தடவை தம்பி அண்ணனை முதுகுல தூக்கிக்கிட்டுப் பள்ளத்துல குதிக்கிறான், அடுத்த தேசத்துக்கு. முதல்ல யார் யாரைத் தூக்கினாங்கன்னு ஞாபகம் இருக்கா? மொத்தமும் சோபாவுல காய்ச்சல்ல கிடந்த பிள்ளை கண்ட கனவுன்னு வாசிக்கிறவங்களும் உண்டு.

அந்த முடிவு எனக்கும் சங்கடம்தான். இல்லேன்னு புளுகல. பக்கத்துல உக்காந்து சேர்ந்து படிங்க, கேட்டா பதில் சொல்லுங்க. அதுக்கு நேரமில்லாதவங்கதான் தடை கேக்கறாங்கங்கிறது என் சந்தேகம். லிண்ட்கிரனுக்கு இந்தக் கதைக்கான பொறி கிடைச்ச இடங்கள்ல ஒண்ணு, அவங்க சொந்த ஊர் விம்மர்பி கல்லறைத் தோட்டத்துல 1860-ல செத்துப்போன ரெண்டு சின்ன அண்ணன் தம்பியோட கல். பிள்ளைங்க சாகறதை இவங்க புதுசாக் கண்டுபிடிக்கல சாமி.

டிஸ்கி: 1977-ல ஓலே ஹெல்போம் எடுத்த படமும் இருக்கு. முதல்ல புத்தகம். அந்தக் கால டிராகனைப் பார்த்துச் சிரிச்சுட்டு எங்கிட்ட சண்டைக்கு வராதீங்க.