காபன் சைக்கிளும் சீட்டுப் பணமும்



சீட்டுப் பணம் கைக்கு வரும் கிழமையில்தான் பிள்ளைகளுக்குப் பெரிய ஆசைகள் பிறக்கும். மட்டக்களப்புப் பக்கமிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். 2022இல் பெற்றோல் வரிசையில் நின்ற நாட்களில் சைக்கிள் பழகிய மகன், இப்போது ரேஸ் சைக்கிள் கேட்கிறானாம். "காபன்தான் வேணும் உம்மா, விலை குறைஞ்சதும் இருக்கு" என்கிறானாம். வாப்பா கட்டாரில். வாங்கலாமா, வேண்டாமா என்ற முடிவு உம்மாவின் தலையில். இப்படியான வீடுகள் நம்மிடையே நிறைய இருப்பதால் எல்லோருக்குமாகவே எழுதுகிறேன்.

காபன் என்பது தலைமயிரை விட மெல்லிய நூல். அதைத் துணி போல அடுக்கி, பிசினில் ஊறவைத்து, அச்சில் இட்டுச் சூட்டில் இறுக்கினால் இலேசான, உறுதியான சட்டம் கிடைக்கும். 1986இல் கிரெக் லெமோண்ட் 'டூர் டி பிரான்ஸ்' ஓட்டத்தை வென்றது காபன் குழாய்களால் ஆன சைக்கிளில்தான். ஆகவே மகன் சொல்வது வெறும் பகட்டல்ல.

ஆனால் கணக்கைப் பாருங்கள். நல்ல காபன் சட்டம் ஏறத்தாழ ஒரு கிலோ. அலுமினியச் சட்டம் அதைவிட அரைக் கிலோ அளவில் கூடும். பையனும் சைக்கிளும் சேர்ந்து 70 கிலோ என்றால், இந்த அரைக் கிலோ 140இல் ஒரு பங்கு. நிரப்பிய தண்ணீர்ப் போத்தல் ஒன்றின் பாரம். நுவரெலியாவுக்கு ஏறுகிறவனுக்கு அது கொஞ்சம் தெரியும். மட்டக்களப்பில் ஏற்றம் எங்கே இருக்கிறது, கல்லடிப் பாலத்தைத் தவிர?

அந்த அரைக் கிலோவும் மிஞ்சுமா என்பது அடுத்த கேள்வி. விலையைக் குறைக்க வேண்டுமென்றால் கம்பனிக்காரர் சக்கரத்தில், பிரேக்கில், கியரில்தான் கை வைப்பார்கள். பாரமான சக்கரமும் மலிவான டயரும் போட்டால் சட்டத்தில் குறைந்தது அங்கே கூடிவிடும். சாரியில் காசைக் கொட்டிவிட்டுச் செருப்பில் மிச்சம் பிடிக்கிற கதைதான். அதே பணத்துக்கு அலுமினியச் சட்டம், காபன் முன்கவர், நல்ல பிரேக், 28 மில்லிமீற்றர் டயர் உள்ளதை வாங்கினால் ஓட்டம் சுகமாக இருக்கும். நமது வீதிக் குழிகளின் அதிர்வைக் குறைப்பதில் சட்டத்தை விட டயருக்கே கூடிய பங்கு.

எனக்குப் பயம் விலையில் இல்லை, வெடிப்பில். உருக்கு வளையும், கண்ணுக்குத் தெரியும், வெல்டிங் அடிக்கலாம். காபன் அடிபட்டால் மேலே நிறப்பூச்சு பளபளக்க, உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கலாம். முன்கவர் ஓட்டத்தில் முறிந்தால் பிள்ளை முகம் குப்புற விழுவான். என் தம்பி மகன் பாவித்த காபன் சைக்கிள் ஒன்றை ஒருவரிடம் வாங்கினான். அதன் இருக்கைத் தண்டை நம்மூர் பாஸ் ஒருவர் பழக்கதோஷத்தில் முழுப்பலத்தோடு இறுக்க, தண்டு கீறிவிட்டது. அவரைக் குறை சொல்லி என்ன! அந்த இடத்துக்கு 5 நியூட்டன் மீற்றர் அளவில்தான் இறுக்க வேண்டும். அதற்கென்று அளவு காட்டும் சாவி உண்டு. உங்கள் ஊரில் அந்தச் சாவி யாரிடம் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். கடற்கரை ஊர்களில் இன்னொரு தொல்லை: காபன் துருப்பிடிக்காது, ஆனால் அதைத் தொட்டிருக்கும் அலுமினியம் உப்புக் காற்றில் அரித்து ஒட்டிக்கொள்ளும்.

அப்படியானால் காபனே வேண்டாமா? மகன் உண்மையிலேயே போட்டிகளில் ஓடுகிறான், திருத்தத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்கிறார், தெரிந்த கம்பனியின் உத்தரவாதப் பத்திரம் கையில் கிடைக்கிறது என்றால் வாங்கிக் கொடுங்கள். பெயர் மட்டும் பெரிதாக எழுதிய போலிச் சட்டமும், விழுந்த வரலாறு தெரியாத பழையதும் எவ்வளவு மலிந்தாலும் வேண்டாம்.

அந்தத் தாய்க்கு நான் எழுதியது இதுதான்: அலுமினியத்தை வாங்குங்கள், மகனைக் கடைக்குக் கூட்டிப்போய் அவன் உயரத்துக்குப் பொருந்துகிறதா என்று ஏற்றிப் பாருங்கள், மிஞ்சும் காசில் ஹெல்மெட்டும் முன்பின் விளக்கும் எடுங்கள். இந்தப் பக்கத்தை அவனுக்கும் வாசிக்கக் கொடுங்கள். முகம் கறுத்தால் என்னைத் திட்டட்டும், உங்களை வேண்டாம்.