மலைக்குப் போறீங்களா? அப்பாவையும் கூட்டிட்டுப் போங்க

டிசம்பர்ல ஒரு ஞாயித்துக்கிழமை அனந்தகிரி மலைக்குப் போகலாம்னு எங்க அபார்ட்மெண்ட் தமிழ்க் கூட்டம் முடிவு பண்ணியாச்சு. மொத்தம் 19 பேர். முடிவான பத்தாவது நிமிஷமே வாட்ஸப்பில் சண்டை. எதுக்கு? புளியோதரையா, தயிர்சாதமா! தண்ணி எவ்வளவு, எத்தனை மணிக்குத் திரும்பணும்னு கேட்க ஒரு ஆள் இல்லை. இந்தத் தடவை நான் கேட்டேன். காரணம் இருக்கு.

ரெண்டு வருஷம் முன்னாடி, மார்ச் மாசம், இதே கூட்டத்தோட புவனகிரிக் கோட்டைக்குப் போனோம். (சிதம்பரம் பக்கத்து புவனகிரி இல்லீங்க, இது ஹைதராபாத்திலிருந்து வாரங்கல் ரோட்டில் சுமார் 50 கிலோமீட்டர்.) ஏற்பாடு அடியேன். மலை முழுக்க ஒரே பாறை, உச்சியில் சாளுக்கியர் காலத்துக் கோட்டை. 2014-இல் 13 வயசில் எவரெஸ்ட் ஏறின மாலாவத் பூர்ணா பயிற்சி எடுத்த பாறை அது. "சின்னப் பொண்ணே ஏறின பாறை, நமக்கென்ன"ன்னு எல்லாருக்கும் தைரியம் வேற சொன்னேன். அந்தப் பொண்ணு முறையா பயிற்சி எடுத்து ஏறினதை வசதியா மறந்துட்டேன்.

வழியில் இட்லி, காபி, போட்டோ எல்லாம் முடிச்சு ஏற ஆரம்பிச்சப்போ மணி பத்தரை. நிழலே கிடையாது. மேலே போய் உட்கார்ந்த பிறகுதான் நண்பரோட அப்பா வரலைன்னு தெரிஞ்சது. கும்பகோணத்திலிருந்து வந்திருந்தார், 66 வயசு. முன்னாடி போனவங்க கூட இருக்கார்னு பின்னாடி வந்தவங்களும், பின்னாடி வர்றார்னு முன்னாடி போனவங்களும் நினைச்சிருக்கோம். அவர் செல்போன் பையன் பையில். தெலுங்கும் தெரியாது, இந்தியும் தெரியாது.

நாப்பது நிமிஷம் தேடி, பாதி வழியில் கோட்டை வாசல் நிழலில் கண்டுபிடிச்சோம். யாரோ ஒரு உள்ளூர்ப் பையன் தண்ணி கொடுத்து, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். "ஒண்ணுமில்ல தம்பி, சும்மா காத்து வாங்கறேன்"னார். கை நடுங்கிட்டு இருந்தது. அன்னிக்கு ராத்திரி நான் தூங்கலை.

நான் பொறந்தது போடி. 2018 மார்ச் 11-ஆம் தேதி குரங்கணி மலையில் நடந்தது எங்க ஊர்க்காரங்களுக்கு மறக்காது. சென்னை, ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்து மலையேற வந்தவங்க இறங்கும்போது காட்டுத்தீயில் மாட்டிக்கிட்டாங்க. காய்ஞ்ச புல், செங்குத்துச் சரிவு, ஓட வழியில்லை. 23 உயிர். நிறையப் பேர் நம்மளை மாதிரி வார லீவில் கிளம்பின இளசுங்க. அதுக்கப்புறம்தான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிமுறை வந்தது. 2024 அக்டோபரில் வனத்துறையே 40 பாதைகளைத் திறந்து ஆன்லைனில் பதிவு வாங்க ஆரம்பிச்சாங்க. போகிற காட்டுக்கு அனுமதி, போகிற மாசம், ரெண்டையும் சோத்துக்கு முன்னாடி பேசணும்னு நான் சொல்றது இதனாலதான்.

புவனகிரிக்கு அப்புறம் கூட்டத்தில் ஒரு பேச்சு: "பெரியவங்களைக் கூட்டிட்டுப் போறதாலதான் தொல்லை." எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஊரிலிருந்து வர்ற அப்பா, அம்மா வாரம் பூரா பால்கனியில் உட்கார்ந்து கச்சிபௌலி டிராபிக்கை எண்ணிட்டிருக்காங்க. ஞாயித்துக்கிழமையும் வீட்டுலயே விட்டுட்டுப் போறதுக்கு அவங்களை எதுக்கு டிக்கெட் போட்டு வரவழைக்கணும்? அவங்க மெதுவா நடக்கறது தப்பில்லை. நாம வேகமா நடக்கற ஆளுக்குத் திட்டம் போட்டதுதான் தப்பு.

அதனால இந்தத் தடவை கடைசியில் நடக்கறவர் வேகம்தான் எல்லாருக்கும். அவருக்குப் பின்னாடி ஒருத்தர் கட்டாயம் வரணும், அது நான்தான். ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணி, அவங்கவங்க செல்போன் அவங்கவங்க கையில், ஒவ்வொரு திருப்பத்திலும் தலை எண்ணணும். எங்கே இருந்தாலும் பன்னிரண்டரைக்குத் திரும்பணும். டிசம்பரில் ஆறு மணிக்கு முன்னாடியே இருட்டிடும், காட்டுக்குள்ள இன்னும் சீக்கிரம். மூசி ஆறு பிறக்கிற இடத்தைப் பார்க்காம வந்தாலும் பரவாயில்லை. (சிட்டிக்குள்ள அந்த ஆத்தைப் பார்த்தவங்க அங்கே தெளிஞ்ச தண்ணியைப் பார்த்தா நம்பமாட்டாங்க, அது வேற கதை.)

"ஸ்கூல் பிக்னிக்கா?"ன்னு ஒரு பையன் கேட்டான். ஆமான்னு சொல்லிட்டேன். கும்பகோணத்து அப்பா மறுபடி வந்திருக்கார், முதல் பேரா தன் பேரைத்தான் கொடுத்தார். லிங்கம்பள்ளி ஸ்டேஷனிலிருந்து காலையில் விகாராபாத்துக்கு ரயில், அங்கிருந்து ஆட்டோ. புளியோதரை எங்க வீட்டம்மா பொறுப்பு. தயிர்சாதக் கட்சி அவங்களே கட்டிட்டு வரட்டும்.