வேட்டையாடியோர் மாளிகையும் ஒளிந்திருந்தோர் குடிசையும்

திருவனந்தபுரம் வரும் பயணிக்குக் காட்டப்படும் வரலாறு பெரும்பாலும் அரண்மனை வரலாறே. குதிரை மாளிகைக்கு நுழைவுச்சீட்டு வாங்கினால் கூரையடியில் செதுக்கிய 122 மரக்குதிரைகளை எண்ணிவிட்டு வரலாம். திவான் சர் சி.பி. இராமசாமி ஐயர் வாழ்ந்த பக்திவிலாசத்தில் இன்று வானொலி நிலையம் இயங்குகிறது. 1946 அக்டோபரில் அம்பலப்புழை, சேர்த்தலை வட்டங்களில் இராணுவச் சட்டத்தை ஏவி, புன்னப்பிராவிலும் வயலாரிலும் தொழிலாளரைச் சுட்டு வீழ்த்தியது அவரது ஆட்சிதான்.

அந்தத் திவானையே நவீனத் திருவிதாங்கூரின் சிற்பி என்று போற்றுவோர் இன்று பெருகிவிட்டனர். பள்ளிவாசல் மின்நிலையத்தையும் 1936ஆம் ஆண்டின் ஆலய நுழைவுப் பிரகடனத்தையும் அவர்கள் சான்று காட்டுகின்றனர். ஆலயக் கதவு தானாகவா திறந்தது? 1924இல் வைக்கம் தெருக்களில் அடிபட்டோர் யார்? ஈரோட்டிலிருந்து வந்த பெரியார் இருமுறை சிறைப்பட்டது எதற்காக? இரண்டாம் முறை அவரை அடைத்து வைத்தது இதே திருவனந்தபுரத்துச் சிறையில் அல்லவா?

1947 ஆகஸ்டில் திவான் வெளியேறினார், வேட்டையோ ஓயவில்லை. அடுத்து வந்த காங்கிரஸ் ஆட்சியிலும் கம்யூனிஸ்டுகள் தலைமறைவாகவே திரிந்தனர். 1930இல் கோழிக்கோட்டுக் கடற்கரையில் தேசியக் கொடியை விடாது பற்றி அடியுண்ட தோழர் பி. கிருஷ்ண பிள்ளை, சுதந்திர நாட்டில் முகம்மா அருகே கண்ணார்காட்டில் ஓர் எளிய குடும்பத்தின் குடிசையில் ஒளிந்திருக்க நேர்ந்தது. எழுதிக்கொண்டிருந்தவரைப் பாம்பு தீண்டியது. 1948 ஆகஸ்ட் 19 அன்று மறைந்தார், அகவை 42.

ஆன் ஃபிராங்க் உள்ளிட்ட எண்மர் நாஜிகளுக்கு அஞ்சி ஒளிந்திருந்த ஆம்ஸ்டர்டாம் வீடு 1960இல் அருங்காட்சியகமானது. (இரு கொடுமைகளையும் ஒரே தராசில் நிறுத்துவது இங்கே நோக்கமன்று, அந்த இனப்படுகொலைக்கு ஈடாக எதையும் வைக்க இயலாது.) அங்கே கற்க வேண்டியது வேறொன்று. உணவும் செய்தியும் கொண்டுவந்த மீப் கீஸ் முதலிய அலுவலக ஊழியர்களையும் அந்த வீடு உலகறியச் செய்திருக்கிறது. தலைமறைவு வாழ்வு தலைவரின் துணிவால் மட்டும் நடப்பதன்று. பிடிபட்டால் குடும்பமே சிதையும் என்றறிந்தும் கதவைத் திறந்தவர்கள், இருந்த அரிசியைப் பங்கிட்டு வடித்த பெண்கள், வரப்பில் காவல் நின்ற சிறுவர்கள் ஆகியோரின் பெயர்கள் எத்தனை நினைவிடங்களில் பொறிக்கப்பட்டுள்ளன?

கண்ணார்காட்டுக் குடிசைக்கு 2013 அக்டோபர் 31 அன்று தீ வைக்கப்பட்டது, சிலையும் சிதைக்கப்பட்டது. குற்றம் சாட்டப்பட்டோரை 2020இல் நீதிமன்றம் விடுவித்துவிட்டது. ஆண்டுக்கொரு நாள் மாலை சூட்டுவது போதாது. அடைக்கலம் தந்தோரின் பெயர்களைத் திரட்டிச் சுவரில் பொறிக்க வேண்டும். குதிரை மாளிகைக்கு மாணவரை ஏற்றிச் செல்லும் பள்ளிப் பேருந்துகள் முகம்மாவுக்கும் செல்ல வேண்டும்.